எர்த் பிடிக்காத வண்டி

அத்தியாயம் 14

எர்ணாவூர் மேம்பாலத்தின் இறக்கத்தில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, நின்றுபோன வண்டிக்குள் மகிழினியை உட்கார வைத்துவிட்டுப் போன வாரம் நாம் வந்துவிட்டோம். அது சனிக்கிழமை மாலை. யாரும் வந்து தள்ளவில்லை. யாரும் பானட்டைத் திறக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அவள் சாவியைத் திருப்பியதும், ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பியது.

நின்றதைவிடக் கிளம்பியதுதான் அவளைக் குழப்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பின் கீழே, அவள் மறுபடி அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பினாள். டிக். இன்னொரு முறை. டிக். மூன்றாவது முறை திருப்பாமல் கையை எடுத்துக்கொண்டாள். திருப்பினால் கிளம்பிவிடும் என்று தோன்றியது. கிளம்பினால் மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது?

பதினாலு வருஷம் ஓடிய வண்டி. அவள் மூன்றாவது சொந்தக்காரி. பின்பக்கம் எதிரெதிராக சீட் போட்டு, டிரைவரோடு ஒன்பது பேர் உட்காரலாம். ஐந்து மாதத்துக்கு முன்பு திருவொற்றியூரில் கணவன் செங்குட்டுவனை விட்டுவிட்டு, இரண்டு பைகளோடு அம்மா வீட்டுக்கு வந்தவள், கழுத்திலும் காதிலும் இருந்ததை விற்று இதை வாங்கி இரண்டு மாதம் ஆகிறது.

நாளை திங்கட்கிழமை அதன் முதல் வேலை நாள். எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு, காலை ஆறு மணிக்குள் காசிமேட்டில் இருக்கும் இறால் கம்பெனி வாசலில் இறக்கவேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானால் கேட்டை மூடிவிடுவார்கள், எட்டுப் பேருக்கும் அரை நாள் போய்விடும். பழைய வேன்காரனை விட்டுவிட்டு மகிழினியை நம்பலாம் என்று மற்ற ஏழு பேரையும் சம்மதிக்க வைத்தவள் செல்லக்கனி அக்கா.

வண்டிக்கு என்ன வியாதி என்று மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். எர்ணாவூர் மெக்கானிக், இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் தகடு போய்விட்டது, இன்ஜினை இறக்கவேண்டும், பத்து நாள் ஆகும் என்றார். திருவொற்றியூர்க்காரர் பேட்டரி என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டினார். பெரம்பூரில் ஒருவர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, உள்ளே எதையோ மாற்றி, இனிமேல் பேச்சே இல்லை என்றார்.

மூன்று பேரும் நிச்சயமாகத்தான் சொன்னார்கள். அவளுக்குத்தான் எதுவும் நிச்சயமாக இல்லை.

"மகிழு, டீ."

அம்மா வரலட்சுமி மூன்று மாடி இறங்கி வந்திருந்தாள். டம்ளரை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"ஏம்மா இறங்கி வந்த? முட்டி வலின்னு சொன்ன."

"மேல ஒருத்தர் சொல்லி அனுப்பினாரு. 'வரா, அவளுக்கு டீ குட்தியா'ன்னு. இன்னாத்துக்கு என்னக் கேக்கறாரோ. டம்ளர் அவர் கைல தான் இருந்திச்சு."

மகிழினி நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது மாடி நடைக் கம்பியில் ஒரு நீலக் கைலி தெரிந்தது. அவள் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

அப்பா ஜெயவேல், துறைமுகத்தில் கப்பல்களுக்குத் துரு சுரண்டி பெயிண்ட் அடிப்பவர். முப்பது வருஷமாகக் கப்பலின் பக்கவாட்டில் பலகையில் தொங்கியபடி வேலை. அவள் பைகளோடு வந்த நாளிலிருந்து அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபத்தில் கத்தியிருந்தால்கூடப் பழகியிருக்கும். அவர் எல்லாவற்றையும் அம்மா வழியாகவே சொல்வார். அவள சாப்புட சொல்லு. அவள ஃபேன அணைக்க சொல்லு. ஒரே அறையில், நான்கு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு.

அவருக்குச் செங்குட்டுவனைப் பிடிக்கும். அவன் குடிப்பதில்லை, அடித்ததில்லை. டிரெய்லர் ஓட்டிச் சம்பாதிப்பதை வீட்டில் கொடுத்துவிடுகிறவன். பிறகு ஏன் வந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். சொல்வதற்குப் பெரிதாக ஒன்று இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று சின்னச் சின்னதாக இருந்தன. அவள் பேச ஆரம்பித்ததும் அவன் டிவி சத்தத்தை ஒரு புள்ளி மட்டும் கூட்டுவான். அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்ததை அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு அவளிடம் சொல்ல மறந்தான். இவற்றையெல்லாம் வரிசையாகச் சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். இவ்வளவுதானா என்பதுபோல.

"நான் சொல்றேன், கண்ணு தான் பட்டுச்சு," என்றாள் அம்மா. "வாங்கினப்பவே பூசணிக்கா ஒடைக்கலாம்னேன். உங்க நைனா புத்தர் போட்டோ முன்னாடி நின்னுகினு, அதெல்லாம் இந்த வூட்ல கூடாதுன்னாரு. அப்பால அவருக்குத் தெரியாம தான் ஒடைச்சேன்."

"எங்க ஒடைச்ச?"

"பஸ் ஸ்டாண்டாண்ட."

"வண்டி இங்க இருந்திச்சேம்மா."

"வண்டிய நெனச்சிக்கினு ஒடைச்சேன்டி."

மகிழினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினாள். கிளம்பிவிட்டது.

* * *

கல்மண்டபத்தில் அமீர் பாயின் கடை வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்தான் மூடியிருக்கும். வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்ப்பவர். வியாசர்பாடியிலிருந்து அங்கே போகும்வரை மகிழினி ஹாரன் அடிக்கவில்லை. இண்டிகேட்டர் போடாமல் கையை வெளியே நீட்டித் திரும்பினாள். தூங்கும் ஒருவரை எழுப்பாமல் தூக்கிக்கொண்டு போவதுபோல ஓட்டினாள்.

கடை வாசலில் நிறுத்தும்போது போன் அடித்தது. செல்லக்கனி அக்கா.

"கண்ணு, நேத்து பாலத்துல நின்னுட்டியாமே. எங்க பில்டிங்ல ஒருத்தி பஸ்ல இருந்து பாத்துட்டு வந்து ஊர் பூரா சொல்லிக்கினு கீறா."

"சரி பண்ணத் தான் வந்துருக்கேன் அக்கா."

"நான் ஒன்னும் சொல்லல. நீ வர்றேன்னா சந்தோசம். வர முடியாதுன்னா ரெண்டு மணிக்குள்ள சொல்லிடு. ரெண்டு மணிக்கு மேல அந்தப் பழைய வேன்காரன் போன எடுக்க மாட்டான், துன்னுட்டுத் தூங்கிடுவான். அவனாண்ட கெஞ்சணும்னாலும் டைமு வோணும் இல்ல."

"சொல்றேன்."

"மத்த ஏழு பேரும் என்னத் தான் கேப்பாளுங்க."

மணி ஒன்பதரை. நாலரை மணி நேரம்.

அமீர் பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர்.

"இன்னாமா ஆச்சு?"

"எதுல இருந்து சொல்றதுன்னு தெர்ல பாய்."

"எதுல இருந்து வேணாலும் சொல்லு. ஆனா மெக்கானிக் சொன்னது எனக்கு வேணாம். நீ உன் கண்ணால இன்னா பாத்தியோ, அத்த மட்டும் சொல்லு."

இந்த ஐந்து மாதத்தில் யாரும் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஏன் என்று கேட்டார்கள், அடுத்து என்ன என்று கேட்டார்கள். நீ என்ன பார்த்தாய் என்று கேட்டவர் இல்லை.

"செல்ஃப் சில நேரம் எடுக்குது, சில நேரம் டிக்குனு மட்டும் சத்தம். லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் கூட சேந்து மினுக்குது. வைப்பர் போட்டா ஹாரன் சத்தம் கம்மியாவுது. லைட்டு போட்டா சூடு காட்டற முள்ளு செவப்புக்குப் போயிடுது. நேத்து பாலத்துல இருட்டிக்கினு தூற ஆரம்பிச்சிச்சின்னு லைட்டும் வைப்பரும் சேத்துப் போட்டேன். முள்ளு முழுசா ஏறிடுச்சு. பயந்து நான் தான் இன்ஜின அணைச்சேன். அப்பால எடுக்கல. லைட்ட அணைச்சிட்டு பத்து நிமிசம் வெச்சி எடுத்தேன், எடுத்திச்சு."

சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. எல்லாமே ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கிடந்தன. இவ்வளவுதானா என்ற அந்தச் சிரிப்பை எதிர்பார்த்தாள்.

அமீர் பாய் சிரிக்கவில்லை. பானட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை டப்பாவைப் பார்த்தார். "தண்ணி கொறையுதா?"

"இல்ல பாய். டெய்லி காலைல பாக்கறேன். அதே கோடு."

"பொகை வெள்ளையா வருதா? ஆயில்ல தண்ணி கலந்து டீ மாதிரி கீதா?"

"இல்ல."

"போய் உக்காரு. இன்ஜின் ஓடட்டும். நான் சொல்றப்ப லைட்டு போடு."

உட்கார்ந்தாள். "போடு" என்றார். போட்டாள். முள் நகர்ந்தது, சிவப்பை நோக்கி ஏறியது. "அணை." அணைத்தாள். இறங்கியது. "போடு." ஏறியது. "அணை." இறங்கியது.

"எவ்ளோ நேரத்துல ஏறுது?"

"உடனே."

"நீ வூட்ல டீ போடுவ இல்ல? அடுப்பு பத்த வெச்ச ஒடனே கொதிச்சி, அணைச்ச ஒடனே ஆறிப் போவுமா?"

"ஆவாது."

"டீயே ஆவாது. இம்மாம் பெரிய இரும்பு ஆவுமா? இன்ஜின் சூடாவல. முள்ளு தான் பொய் சொல்லுது. இன்ஜின இறக்கணும்னு எவனாவது சொல்லியிருந்தா, அவன் முள்ளப் பாத்தான், இன்ஜின பாக்கல."

அவளுக்குள் ஏதோ ஒன்று இறங்கியது. உடனே சந்தேகமும் வந்தது. இவரும் நிச்சயமாகத்தானே பேசுகிறார். நான்காவது ஆள்.

அமீர் பாய் மீட்டரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜினிலும் வைத்தார். "செல்ஃப் அடி." டிக். மீட்டரைப் பார்த்து "அரே" என்றார். அதைத் தூக்கி வைத்துவிட்டு, கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்பு ஒயரைக் கொண்டுவந்து, பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் இரும்பில் கவ்வ விட்டார்.

"இப்ப அடி."

வண்டி ஒரே இழுப்பில் எழுந்து நின்றதுபோலக் கிளம்பியது. பல வாரமாக அவள் கேட்டிராத சத்தம்.

"லைட்டு போடு."

போட்டாள். முள் அசையவில்லை.

"எர்த் இல்லமா," என்றார் அமீர் பாய். "பிளஸ்ல இருந்து கரண்டு ஒயுங்கா கெளம்பிப் போவுது. லைட்டுக்குப் போவுது, ஹாரனுக்குப் போவுது. போனது திரும்பி பேட்டரிக்கு வரணும் இல்ல? வண்டியோட பாடி வழியா, இந்தப் பட்டை ஒயர் வழியா தான் வரணும். அந்த வழி அடைச்சிக்கினு கீது. அது இன்னா பண்ணும்? கண்ட சந்துல பூந்து வருது. இண்டிகேட்டர் கரண்டு பிரேக் லைட்டு வூட்டுக்குள்ள பூந்து வந்துகினு கீது. அதான் அதுவும் மினுக்குது."

திரும்பிவர வழியில்லாமல் அலைவது என்றதும் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று வாசகிகளுக்குத் தெரியும். ஆனால் வண்டியையும் தன்னையும் சேர்த்துப் பார்ப்பது மகிழினிக்குப் பிடிக்காது. வண்டி வண்டிதான். நாளை காலை ஆறு மணிக்கு அது காசிமேட்டில் இருக்கவேண்டும்.

"ஏன் பாய் அடைச்சிச்சு? துருவா?"

"துருவா தான் இருக்கும். இந்தக் கடக்கரைக் காத்துல வேற இன்னா?"

ஸ்பேனரை எடுத்துக் குனிந்தவர் நிமிரவேயில்லை. போல்ட்டைக் கழற்றினார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார்.

"துரு இல்ல," என்றார். "துரு ஒரு பொட்டு கூட இல்ல. பெயிண்ட்டு."

* * *

அவளும் குனிந்து பார்த்தாள். பேட்டரிக்கு அடியிலும், இன்ஜினைச் சுற்றியிருந்த தகடுகளிலும், சாம்பல் நிறப் பெயிண்ட் வழவழவென்று இருந்தது. முன்பே பார்த்திருக்கிறாள். விற்றவன் துருவை மறைக்கப் பவுடர் போட்டு அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

"விக்கறவன் அடிக்கறது இப்பிடி இருக்காதுமா. அவன் மேலாக்க ஸ்பிரே அடிச்சிட்டுப் போய்டுவான். இது பிரஷ் வேல. போல்ட்டெல்லாம் கழட்டி, துருவ சுரண்டி, அடியில துரு தடுக்கற செவப்பு ரெட் ஆக்சைடு, அது காய்ஞ்சப்பால மேல ரெண்டு கை சாம்பல். ஒயர் முனைல இருக்கற வளையத்தக் கூட வுடல, ரெண்டு பக்கமும் அடிச்சி வெச்சிருக்கான். அப்பால பெயிண்ட்டு மேலயே போல்ட்ட முறுக்கிட்டான். பெயிண்ட்டு வழியா கரண்டு போவுமா? போல்ட்டு மரைல ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கினு கீது, அதுல தான் இத்தினி நாளா ஓடிக்கினு கீது."

"எப்ப அடிச்சது பாய்?"

"நகம் எறங்குது பாரு. ஒரு மாசம் கூட ஆவல."

ஒரு மாதம். அப்படியென்றால் வண்டி அவள் கைக்கு வந்த பிறகு. அவளுக்குத் தெரியாமல் யாரோ திறந்து, பேட்டரியை இறக்கி, எர்த்தைக் கழற்றி...

செங்குட்டுவன்.

யோசிக்கவே தேவைப்படவில்லை. இன்னொரு சாவி அவன் வீட்டில்தான் இருந்தது. வண்டி வாங்கப் போன நாளில், பிரிந்திருந்தும் துணைக்கு வந்து, அதைச் சட்டைப் பையில் போட்டவன் திருப்பித் தரவில்லை. அவனுக்கு வண்டி வேலை தெரியும். கன்டெய்னர் யார்டில் சாம்பல் பெயிண்டுக்குப் பஞ்சமில்லை. "நீ எட்டு பேர வெச்சி ஓட்டிடுவியா? பாக்கறேன்" என்று சொன்னவன்.

கடையிலிருந்து பத்தடி தள்ளிப்போய் அவனைக் கூப்பிட்டாள்.

"மகி?" இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் அழைக்கிறாள் என்ற ஆச்சரியம் அந்தக் குரலில் இருந்தது. அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை.

"என் வண்டில எதுக்குக் கை வெச்ச?"

"எந்த வண்டில?"

"நடிக்காத. எர்த்த கழட்டி பெயிண்ட்டு அடிச்சி வெச்சிருக்க. நேத்து பாலத்துல நின்னேன். பின்னாடி லாரி வந்து ஏத்தியிருந்தா?"

மறுமுனையில் அவன் இன்ஜினை அணைப்பது கேட்டது.

"மகி, இன்னா கலர்?"

"இன்னாது?"

"பெயிண்ட்டு. இன்னா கலர்?"

"அடியில ரெட் ஆக்சைடு. மேல சாம்பல்."

"அப்ப என்னக் கேக்காத. உங்க நைனாவக் கேளு."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நீ காய்ச்சல்ல கெடந்த இல்ல, போன மாசம். அந்த சாவியக் குடுத்துட்டு, உன்னியும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். கீழ உங்க நைனா பேட்டரிய தரைல எறக்கி வெச்சிக்கினு சுரண்டிக்கினு இருந்தாரு. ரெண்டு மணி நேரம் அவர் கூட தான் நின்னேன். சாவிய அவர் கைல தான் குடுத்தேன்."

"மேல ஏன் வர்ல?"

"அவர் சொல்லலியா?"

"இன்னா சொல்லல?"

"அவர் சொல்லலன்னா, நான் சொல்றது நல்லா இருக்காது மகி." பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. "கேட்டு தொறந்துட்டான். நான் வண்டிய எடுக்கணும். உன் வண்டி சரியாயிடுச்சா?"

பதில் சொல்வதற்குள் துண்டித்துவிட்டது. அவன் துண்டித்தானா, தானே விரல் பட்டு அழுத்திவிட்டோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மீன் கூடை ஏற்றிய டெம்போக்கள் ஐஸ் தண்ணீரைச் சிந்திக்கொண்டு போயின. அவள் ஓரத்தில் நின்றாள். வெட்கம் மெதுவாகத்தான் வந்தது. பொய்யாகக் குற்றம் சாட்டியதற்காக மட்டுமில்லை. பெயிண்ட் என்று அமீர் பாய் சொன்ன அந்த நொடியில், கோபத்துக்கும் முன்னால், அவளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இதோ, கடைசியில் காட்டக்கூடிய ஒன்று. செங்குட்டுவன் செய்தான் என்று எல்லோரிடமும் சொல்லக்கூடிய, யாரும் சிரிக்க முடியாத ஒன்று. அதற்காக ஐந்து மாதமாகக் காத்திருந்திருக்கிறாள். அது கையிலிருந்து நழுவியதும், ஏமாற்றம்போலவே இருந்தது.

தன்னைப் பற்றி இப்படி ஒன்று தெரிந்துகொள்ளத்தான் கல்மண்டபம் வரை வந்தோமா என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பா என்று அவளுக்கு ஏன் தோன்றவேயில்லை? ரெட் ஆக்சைடு. சின்ன வயதிலிருந்து அந்த நிறத்தை அவர் நகக்கண்ணில் பார்த்துத்தான் சோறு தின்றிருக்கிறாள். ஆனால் தன் பெயரைக்கூடச் சொல்லாத மனிதர் தன் வண்டியைத் தொட்டிருப்பார் என்பது அவள் நினைப்பிலேயே இல்லை.

திரும்பி வந்தபோது அமீர் பாய் எர்த் ஒயர் மாட்டும் மூன்று இடங்களையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பை வெள்ளையாக்கியிருந்தார்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"எங்க நைனா. கப்பல்ல பெயிண்ட்டு அடிக்கறாரு."

அமீர் பாய் தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அதான் பாத்தேன். கப்பல்ல போல்ட்டுக்கு அடியில பெயிண்ட்டு வுட்டுப்போனா மேஸ்திரி சும்மா வுடுவானா? பாவம், அந்தப் பழக்கத்துல அடிச்சிட்டாரு. திட்டிடாதமா. அவர் அடிச்சதுல மத்த எடமெல்லாம் இன்னும் பத்து வருசத்துக்குத் துரு தொடாது. மூணு போல்ட்டு, அவ்ளோதான் தப்பு."

வளையங்களை மாட்டி, போல்ட்டை முறுக்கி, மேலே வாசலினை விரலால் வழித்துத் தடவினார். "இந்த மூணு எடமும் பச்சை இரும்பாவே இருக்கணும். பெயிண்ட்டு கூடாது. மாசத்துக்கு ஒரு தபா கழட்டித் தேய்ச்சி, வாசலின் தடவு. ஃபேன் பெல்ட்டு லேசா வெடிச்சிருக்கு, ரெண்டு மாசத்துல மாத்திடு. மத்தபடி பேட்டரி, செல்ஃப் எல்லாம் நல்லா தான் கீது. மாத்தினதுக்கு முன்னாடியும் நல்லா தான் இருந்திருக்கும்."

லைட், வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஐந்து முறை கிளப்பிப் பார்த்தாள். ஐந்து முறையும் எடுத்தது. ஆறாவது முறையும் பார்த்தாள்.

மணி ஒன்று ஐம்பதுக்குச் செல்லக்கனி அக்காவைக் கூப்பிட்டாள்.

"வர்றேன் அக்கா. அஞ்சேகாலுக்கு உங்க பில்டிங் கீழ இருப்பேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

"இன்னா தான் ஆச்சு வண்டிக்கு?"

"எங்க நைனா பெயிண்ட்டு அடிச்சிட்டாரு அக்கா."

"பெயிண்ட்டு அடிச்சா வண்டி நிக்குமா? போடி, நீ வேற."

* * *

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது ஜெயவேல் நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா. அதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் ஒரு பிரஷ் ஊறிக்கொண்டிருந்தது.

மகிழினியின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. பிரஷ் ஊறுகிறது என்றால் இன்று எதற்கோ அடிக்கப்போகிறார். அவருக்குப் பச்சை இரும்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பானட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படப்போவது அமீர் பாய் வெள்ளையாகத் தேய்த்த அந்த மூன்று இடங்கள்தான். நாளை விடியும்போது அவை சாம்பல் நிறமாக இருக்கும்.

"வரா," என்றார் ஜெயவேல், பிரஷ்ஷைப் பார்த்தபடி. "வண்டி இன்னாவாம்?"

சமையல் மேடையிலிருந்து அம்மா திரும்பினாள். "இன்னாடி வண்டி?"

"எர்த் இல்லையாம்மா."

"எர்த் இல்லையாம்யா."

"ஏனாம்?"

"ஏன்டி?"

மகிழினி செருப்பைக் கழற்றினாள். அவள் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு படுத்திருந்த மூன்று நாளும் அவர் உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. கீழே போயிருக்கிறார். அவளுடைய வண்டியை இண்டு இடுக்கு விடாமல் சுரண்டியிருக்கிறார். அதுதான் அவளைப் பாலத்தில் நிறுத்தியது என்று இப்போது எப்படிச் சொல்வது? சொன்னால் இனி அதையும் தொடமாட்டார். சொல்லாவிட்டால் இன்றே தொடுவார்.

"கேக்கறாரு இல்ல, சொல்லேன்டி."

"நைனா," என்றாள் மகிழினி. "மூணு எடத்துல மட்டும் அடிக்காத."

"மூணு எடத்துல மட்டும்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த அம்மா, கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள்.

ஜெயவேல் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார். ஒரு பக்கம், மறு பக்கம்.

"எந்த மூணு?"

முன்னால் 'வரா' இல்லை.

மூன்று மாடியும் அவர் முன்னே இறங்க, அவள் பின்னே இறங்கினாள். பானட்டை அவள்தான் திறந்தாள். விரலால் தொட்டுக் காட்டினாள். ஒன்று. இரண்டு. குனிந்து, அடியில் மூன்று. கரண்ட் போவதையும் திரும்புவதையும் அமீர் பாய் சொன்னபடி சொல்ல முயன்றாள். பாதியில் குழப்பிவிட்டாள். ஆனால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்றாவது போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அடிச்சதாலயா நின்னுச்சு?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள்.

"ஆமா நைனா."

"பாலத்துலயா?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். வாசலின் தடவிய இடத்தை ஒரு விரலால் தொட்டு, விரலை வெளிச்சத்தில் பார்த்தார்.

"பச்சை இரும்ப இப்பிடி வுட்டா துரு புடிக்குமே."

"புடிக்குமாம். மாசத்துக்கு ஒரு தபா கழட்டித் தேய்க்கணுமாம்."

"உப்புத்தாளா, கம்பி பிரஷ்ஷா?"

"உப்புத்தாள்ல தான் பாய் தேய்ச்சாரு."

"நூத்தியிருவது நம்பர் வாங்கியா. அதுக்கு மேல நைஸ் வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, "நான் தேய்க்கறேன்" என்றார்.

அவள் சரி என்றாள். மாலைக் காற்றில் உப்பு வாடை வந்தது. ஒரு முழம் தூரத்தில், அப்பாவின் மண்ணெண்ணெய் வாடை. இதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் காலையிலிருந்து அவளிடம் ஒருவர்தான் சரியான கேள்வி கேட்டிருந்தார். கேட்பதன் ருசி அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நைனா, அவன் அன்னிக்கு வந்தான் இல்ல. நீ அவனாண்ட இன்னா சொன்ன?"

ஜெயவேல் பானட்டை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக இறக்கி மூடினார். ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, மூன்றாவது மாடிக் கம்பியில் சாய்ந்து நின்றிருந்த மனைவியைப் பார்த்தார்.

"வரா," என்று குரல் கொடுத்தார். "அவள சாப்புட சொல்லு."

மேலேயிருந்து பதில் உடனே வந்தது.

"பக்கத்துலயே தானே நின்னுகினு கீறா. நீயே சொல்லேன்யா."

ஜெயவேல் விரலில் ஒட்டியிருந்த வாசலினைக் கைலியில் துடைத்தார். அது போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.